பொய் அட்டைக்குச் சொன்னது

அந்தக் கட்டடத்தில் சொல்லாமல் யாரும் எதையும் நிறுத்துவதில்லை. கீழே சைக்கிள் கடை, நடுவில் தையல் கடை, உச்சியில் நாங்கள். மூன்று தளத்துக்கும் பொதுவாக ஒரு ஜெனரேற்றர். அது சைக்கிள் கடை ஐயாவினுடையது. மண்ணெண்ணெய் அடியைத் தட்டும்போது அவர் படிக்கட்டின் கீழே வந்து நின்று அண்ணாந்து, தேவாரம் தொடங்குகிறவரின் குரலில் இழுப்பார்.

"நிப்பாட்டப் போறன். ஆரும் இருக்கிறியளோ?"

நடுவிலிருந்து பதில் வரும். "பொறுங்கோ ஐயா, ஊசி துணிக்குள்ள நிக்குது."

மேலே இருந்து நான் சொல்லுவேன். "எனக்கும் நிக்குது ஐயா, ஆனா எங்கயெண்டு தெரியேல்ல."

இரண்டு பேரிடமிருந்தும் "ஓம், நிப்பாட்டுங்கோ" வரும்வரை அவர் சுவிச்சில் கை வைக்கமாட்டார். ஒருமுறை கேட்காமல் நிறுத்தி, யாரோ ஒரு மணப்பெண்ணின் சட்டை ஊசியோடு இழுபட்டுக் கிழிந்தது. அன்றைக்குத் தொடங்கிய வழக்கம் அது. போர் நடக்கிற ஊரில், குண்டு போடுகிறவர்கள் கேட்டுவிட்டுப் போடுவதில்லை; ஒரு ஜெனரேற்றராவது கேட்டுவிட்டு நிற்கட்டும் என்று நினைத்தோமோ என்னவோ.

"நாங்கள்" என்று சொன்னேன். உண்மையில் நான் ஒருவன், இரண்டு கணினிகள், கூரையில் ஒரு செய்மதித் தட்டு. பன்மையில் எழுதினால் வெளிநாட்டுக்காரருக்கு நம்பிக்கை வரும் என்று மின்னஞ்சலில் பழகியது வாயிலும் ஒட்டிவிட்டது. தட்டு, கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு வந்த ஒரு தொண்டு நிறுவனம் மூட்டை கட்டும்போது விட்டுவிட்டுப் போனது. அதன் வழியாக எங்கள் பேச்சு நேரே வானத்துக்கு ஏறி, அங்கே கொஞ்சம் யோசித்து, பிறகு எங்கோ இறங்கும்.

சமாதானம் என்று சொல்லப்பட்டது கலைந்து, சண்டை மறுபடி தொடங்கிய காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று கடற்படை தண்ணீருக்கு அடியில் வெடி போட்டுக்கொண்டே இருக்கும். தூரத்தில் யாரோ பெரிய கதவைச் சாத்துவதுபோல் ஒரு சத்தம். யன்னல் கண்ணாடி ஒருதரம் மூச்சு வாங்கும். தேநீரில் வட்டம் விழும். மதியத்துக்குப் பிறகு தெரு வெறித்துவிடும். அப்போது மான்கள் இறங்கி வரும். எங்கள் ஊர் மான்கள் காட்டு மான்கள் இல்லை, பஸ் நிலைய மான்கள். கடதாசி தின்னும். சோதனைச்சாவடியில் அவற்றிடம் மட்டும் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. நான் யன்னலோரம் கதிரையைப் போட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே பாதி நாளைக் கழித்திருக்கிறேன். அந்த வெயிலில் ஊர் முழுவதும் தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தோன்றும். நானும் மெல்ல மிதந்துகொண்டிருப்பேன்.

மிதக்காத நேரத்தில் செய்த தொழில் இது. என்னோடு படித்த ஒருவன் வெளிநாட்டில் ஒலிப்பதிவு செய்யும் கருவி ஒன்று செய்துகொண்டிருந்தான். அதற்குள் லினக்ஸ் என்கிற இயங்குதளம். அவன் எழுதும் நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க நான் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும், அதாவது கணினி தானாகவே செய்துகொண்டு போகிற கட்டளைகளின் வரிசை. சாதாரணச் சோதனை என்றால் பாதகமில்லை. இது கணினியின் அடிவயிற்றில் கை வைக்கிற சோதனை. கணினிக்குள் கேர்னல் என்று ஒன்று இருக்கிறது, எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்திருக்கிற நடுக்கம்பம் மாதிரி. அதில் மொடியூல் என்று சில துண்டுகளை, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மாட்டலாம், கழற்றலாம். ஒலி அட்டைக்கு ஒரு மொடியூல், வலையமைப்புக்கு ஒன்று என்று. சைக்கிளை மிதித்துக்கொண்டே சில்லை மாற்றுவது போன்ற வேலை. சரியான சில்லைக் கழற்றினால் வித்தை, மற்றதைக் கழற்றினால் ஆஸ்பத்திரி.

நான் பயன்படுத்தியது ஒரு பொய் மொடியூல். அதை மாட்டினால் இல்லாத ஓர் ஒலி அட்டை இருப்பதாகக் கணினி நம்பும். நீங்கள் அனுப்பும் சத்தத்தையெல்லாம் அது மரியாதையாக வாங்கிக்கொள்ளும். எங்கேயும் அனுப்பாது. திருப்பி மௌனத்தைத் தரும். எல்லாம் நலம் என்று அறிக்கையும் தரும். சில உத்தியோகத்தர்களை நினைத்துத்தான் அதைச் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

உடைப்பதற்கென்றே ஒரு பழைய பெட்டி வைத்திருந்தேன். மற்றது நல்ல பெட்டி. அந்தக் கிழமை ஜெனரேற்றர் கொஞ்சம் கூடுதலாக உற்சாகப்பட்டதில் பழைய பெட்டி புகைவிட்டுச் செத்தது. நல்ல பெட்டிதான் மிச்சம். அதில் என் மின்னஞ்சல் இருந்தது. அதை விட முக்கியமாக, நடுத்தளத்துத் தங்கச்சியின் வெள்ளிக்கிழமை அதில் இருந்தது.

தங்கச்சி என்பது நான் கூப்பிடுகிற முறை. தையல் கடை அவளுடையது. கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோல், வாயில் குண்டூசி. குண்டூசியை எடுக்காமலே என்னோடு பேசுவாள், அதனால் அவள் பேச்சு எப்போதும் பல்லுக்கு இடையில்தான் வரும். கணவன் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கப்பல் கரை தொட்டால், அங்கே உள்ள கடலோடிகள் விடுதியிலிருந்து இணையத்தில் கூப்பிடுவார். அந்தக் கிழமை கைபேசிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள், தெருவுக்குத் தெரு இருந்த கொமினிகேஷன் கடைகளிலும் வெளிநாட்டு இணைப்பு வரவில்லை. என் தட்டு ஒன்றுதான் வழி.

"அவருக்கு ஒப்பந்தம் முடியுது அண்ணை," என்று வியாழக்கிழமை படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். "இன்னொண்டுக்குக் கையெழுத்து வைக்கிறதோ, இல்லாட்டி ஊருக்கு வாறதோ எண்டு நாளைக்குக் கேப்பார். கப்பல் நாளைக்கே வெளிக்கிடுது. நான் சொல்லுறதைத்தான் செய்வார்."

"என்ன சொல்லப் போறீங்கள்?"

"உங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் சத்தத்தைப் பாருங்கோ, கதையை நான் பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை மதியச் சோற்றுக்குப் பிறகு, என்னோடு படித்தவன் கேட்ட சோதனை முடிவை அனுப்பிவிடலாம், அழைப்பு வர எவ்வளவோ நேரம் கிடக்கிறது என்று நல்ல பெட்டியிலேயே ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன். உண்மையான ஒலி அட்டை இனி வரக் கூடாது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதும். கணினியை நிறுத்தித் திறந்தாலும் பொய் அட்டையே வர வேண்டும் என்று இன்னொரு வரி. பிறகு உண்மை அட்டையின் மொடியூலை இழுத்தெடுக்கும். வர மறுத்தால் பலவந்தமாக. பொய் அட்டையை மாட்டும், சோதிக்கும், கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி வைக்கும். கடைசி வரிவரைக்கும் போய்ச் சேருவோம் என்று ஒரு நம்பிக்கை. அந்த நாட்களில் பக்கத்து ஊரான தம்பலகாமம் வரைக்கும் போய்ச் சேருவோம் என்று நம்பி யாரும் பஸ் ஏறியதில்லை. ஸ்கிரிப்டில் மட்டும் எனக்கு அப்படி ஒரு தெய்வ நம்பிக்கை.

அழைப்புக்கான நிரல் திரையின் மூலையில் திறந்தபடியே கிடந்து, ஒலி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்ட் யாரையும் கேட்கவில்லை. பிடித்த கையோடு இழுத்தது.

திரை உறைந்தது. சுட்டி நடுவழியில் நின்றது. விசைப்பலகையின் மேல் மூலையில் விளக்குகள் ஒன்றாகச் சிமிட்டத் தொடங்கின. கேர்னல் செத்தால் கடைசியாகச் செய்யக்கூடியது அதுதான், கண் சிமிட்டுவது.

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்ததாகத் தேவையில்லாத பகிடி வரும். மூளை கடைசியாகத்தான் வரும், சில நாட்களில் லீவு போட்டுவிடும். அன்றைக்கு நான் எழுந்து யன்னலைச் சாத்தினேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. பிறகு திறந்தேன். பிறகு கணினியின் மேல் கிடந்த தூசியைத் துடைத்தேன், காய்ச்சல்காரனுக்குப் பவுடர் போடுகிற மாதிரி. அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தி அணைத்துத் திறந்தேன். அப்படித் திடீரென்று செத்த கணினி எழும்பும்போது தன் வட்டை முழுக்கத் தடவிப் பார்க்கும். இவ்வளவு வீதம் முடிந்தது என்று ஒரு எண் ஊர்ந்தது. சாவடியில் எங்கள் பைகளைச் சோதிக்கிறவரின் அதே நிதானம்.

கீழே இருந்து குரல் வந்தது. "நிப்பாட்டப் போறன். ஆரும் இருக்கிறியளோ?"

"ஐயா, தொடாதேங்கோ. தொட்டீங்கள் எண்டால் நான் மாடியிலயிருந்து குதிப்பன்."

"குதிக்கிறதெண்டால் பின்பக்கமாக் குதியும், முன்னுக்குச் சைக்கிள் நிக்குது."

ஆனாலும் நிறுத்தவில்லை. எங்கிருந்தோ ஒரு போத்தல் எண்ணெய் ஊற்றினார். கணினி எழும்பியது. ஒலி அட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். ஓர் அட்டை இருக்கிறது என்றது. நான் கும்பிட்டேன். என்ன அட்டை என்று கேட்க அப்போது மூளை இன்னும் வந்து சேரவில்லை.

தங்கச்சி மேலே வந்தபோது நேரம் சரியாக இருந்தது. முகம் கழுவி, பொட்டு வைத்து, குண்டூசி இல்லாமல் வந்திருந்தாள். அழைப்பு வந்தது. ஹெட்செற்றை மாட்டிக்கொண்டாள். இணைப்பு விழுந்து, திரையில் விநாடிகள் ஓடத் தொடங்கின.

"இஞ்சருங்கோ, கேக்குதோ?"

ஒன்றும் வரவில்லை.

"போன முறையும் இப்பிடித்தான் அண்ணை. அவருக்குக் கேட்டது, எனக்குத்தான் கேக்கேல்ல. பிறகு வந்துது."

"சத்தம் மேல போய்த் திரும்பி வரவேணுமெல்லோ. கதைச்சுக்கொண்டிருங்கோ, நான் வயரைப் பாக்கிறன்," என்று சொல்லி மேசைக்கு அடியில் புகுந்தேன். வயிறு பெரிய மனிதன் மேசைக்கு அடியில் புகுவது சுலபம், வெளியே வருவதுதான் ஏலாது. அங்கே இருந்து எனக்குத் தெரிந்தது அவள் கால்கள் மட்டும். ஒரு செருப்பு பாதி கழன்று விரல் நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் பேசினாள். முதலில் கடையைப் பற்றி. சீலைக்கு ஓரம் அடிக்கிற வேலை மட்டும்தான் வருகிறது என்று. பிறகு அந்தச் செருப்பு ஆடுவதை நிறுத்தியது.

"நான் என்ரபாட்டில நாள் முழுக்க உங்களோட கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன். உங்களுக்குத் தெரியாது. மெசினை மிதிக்கேக்க, சோறு போடேக்க. வெடிச் சத்தம் கேட்டால் 'இது துறைமுகத்துக்குள்ளதான், பயப்படாதேங்கோ' எண்டு உங்களுக்குத்தான் சொல்லுறன். நீங்கள் பயப்படுறதாம், நான் தேற்றுறதாம். எனக்கு இனி ஏலாது. கையெழுத்து வைக்காதேங்கோ. வாங்கோ. வந்து சும்மா இருங்கோ, ஒண்டும் உழைக்க வேண்டாம், அந்தக் கதிரையில இருங்கோ. வாங்கோ என்ன."

நான் ஒரு வயரைப் பிடித்தபடி இருந்தேன். அது எந்த வயர் என்று எனக்குத் தெரியாது. இருமலாமா, மூச்சு விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் அந்தப் பெரிய கதவு ஒருமுறை சாத்தியது. மேசைக்கு அடியில் எல்லாம் பச்சை நிறமாக, ஆழமாக, நானும் துறைமுகத்துத் தண்ணீருக்கு அடியில் இருந்து மேலே படகுகளின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதுபோல ஒரு நிமிடம் இருந்தது.

"பதில் இல்லை அண்ணை."

பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்து திரையைப் பார்த்தேன். அழைப்பு நிரலின் பின்னால் ஒளிந்திருந்த சிறு சதுரத்தில் அவர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒண்டும் கேக்கேல்ல. இருக்கிறீரோ. கோவமோ உமக்கு. கப்பலுக்குக் கூட்டிப்போற வான் வெளிக்கிடப் போகுது, கெதியாச் சொல்லும்.

அப்போதுதான் மூளை வேலைக்கு வந்தது. அமைப்பில் எழுதிய இரண்டு வரிகளும் அங்கேயே கிடந்தன, அழிக்க வேண்டிய கடைசி வரி நடக்கவே இல்லை. அவள் சொன்னதெல்லாம் பொய் அட்டைக்குப் போயிருந்தது. அது மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று சொல்லியிருக்கும்.

"அவரைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுறன் தங்கச்சி. சின்னப் பிழை. பெரிய ஆள் விட்ட சின்னப் பிழை."

"என்ன பிழை?"

"நீங்கள் கதைச்சது அவருக்குப் போகேல்ல."

அவள் ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு யன்னலுக்குப் போனாள்.

நில்லும், அஞ்சு நிமிசம் என்று அவருக்குத் தட்டினேன். இந்தமுறை பலவந்தம் இல்லை. அழைப்பைத் துண்டித்து, நிரலை ஒழுங்காக மூடி, அட்டையை யாராவது பிடித்திருக்கிறார்களா என்று கேட்டு, இல்லை என்ற பதில் வந்த பிறகு பொய் மொடியூலைக் கழற்றினேன். அந்த இரண்டு வரிகளையும் அழித்தேன். இடையில் கடவுச்சொல்லைப் பிழையாகத் தட்டித் தட்டி, என் பேரையே பிழையாக எழுதுகிற கட்டத்துக்கு வந்துவிட்டேன். "ஒரு காலத்தில நான் நல்லாப் படிச்சனான்," என்று யாரும் கேட்காமலே சொன்னேன்.

அவள் யன்னலில் நின்று கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கீழே ட்ரக் ஒன்று வந்து நின்றிருந்தது. பஸ் நிலையத்தின் பக்கம் ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி வெயிலில் நின்றார்கள், முப்பது முப்பத்தைந்து வயதுக்காரர்கள், பயணப் பையோடு சிலர். கொழும்பு பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருக்க வேண்டும். முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் ட்ரக்குக்குள் இருந்திருப்பான். சிலரை இந்தப் பக்கம், சிலரை அந்தப் பக்கம் பிரித்தார்கள். வரிசையின் நடுவால் ஒரு மான் வந்து, ஒருவருடைய பையை முகர்ந்து பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் போனது. யாரும் அதை விரட்டக் கையைத் தூக்கவில்லை.

உண்மை அட்டை வந்தது. அழைத்தேன். ஹெட்செற்றுக்கு வெளியிலேயே அவர் குரல் எனக்கும் கேட்டது, அவ்வளவு சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"கேக்குதோ? என்னம்மா, என்ன நடந்தது?"

"கேக்குது, கத்தாதேங்கோ," என்றாள். அளவெடுக்க வந்தவர்களோடு பேசுகிற குரல். "கொம்பியூட்டர் அண்ணைக்கு வருத்தம், அதுதான் சுணங்கினது."

"நான் என்ன செய்ய? சொல்லும், வான்காரன் நிக்கிறான்."

அவள் யன்னலை ஒருமுறை பார்த்தாள்.

"வையுங்கோ கையெழுத்தை. இஞ்ச ஒரு அவசரமும் இல்லை. கடை நல்லாப் போகுது. முடிச்சுப்போட்டு ஆறுதலா வாங்கோவன்."

"உண்மையாவோ?"

"ஓம். நான் என்ன குழந்தையே?"

இன்னும் கொஞ்சம் பேசினார்கள், சாப்பாடு, யாரோ ஒருவருடைய கலியாணம். பிறகு வான்காரன் ஹோர்ன் அடித்தது எங்களுக்கும் கேட்டது. வைத்துவிட்டாள். கதிரையை ஒழுங்காக மேசைக்குள் தள்ளினாள். படிக்கட்டில் இரண்டு படி இறங்கித் திரும்பினாள்.

"முதல் கதைச்சது அவருக்கு எப்பவாவது கேக்குமோ அண்ணை? எங்கயாவது பதிஞ்சு கிடக்குமோ?"

"இல்லைத் தங்கச்சி. அது பொய் அட்டை. வாங்கும், வச்சிருக்காது."

"ம். நல்லது," என்று சொல்லிப் போனாள்.

நான் இயந்திரத்தை ஒழுங்காக வைத்திருந்தால் அவர் வந்திருப்பார். அந்த வரிசையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார், அல்லது நிற்காமல் அந்தக் கதிரையில் சும்மா இருந்திருப்பார். எது என்று எனக்குத் தெரியாது. ஒரு பிழை நல்ல பிழையா கெட்ட பிழையா என்று சொல்லுகிற சோதனையை நான் எழுதியதில்லை.

எழுதியது வேறு. அன்று மாலையே பிடித்து அந்த ஸ்கிரிப்டைத் திருத்தத் தொடங்கி, அடுத்த கிழமை முழுக்க அதிலேயே கிடந்தேன். அமைப்பில் எதையும் எழுதாது இனி. மாட்டுகிறது எல்லாம் அந்த ஒருமுறைக்கு மட்டும். மொடியூல் ஏற்கெனவே மாட்டியிருந்தால் அது வேறு யாரோ வைத்தது, தொடாது. தான் கொண்டுவந்ததைத்தான் தான் எடுத்துக்கொண்டு போகும். நடுவில் விழுந்தாலும் துடைத்துவிட்டு விழும்படி, துடைக்கிற வேலையை முதல் வரியிலேயே ஒப்படைத்தேன். கேர்னலே செத்தால் துடைக்க ஆளில்லைத்தான்; ஆனால் எழுதாததைத் துடைக்கவும் தேவையில்லை. முதலாவது அட்டை என்று எண்ணிப் பிடிக்காமல், பொய் அட்டையைப் பெயர் கேட்டுப் பிடிக்கும். பலவந்தம் என்ற சொல்லையே வெட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே, ஓடத் தொடங்கும்போது அது திரையில் ஒரு வரி எழுதும். யாராவது அட்டையைப் பிடித்திருந்தால் ஆள் இருக்கு என்று சொல்லிவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும்.

அந்த வரியை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டிருந்தேன். நிப்பாட்டப் போறன், ஆரும் இருக்கிறியளோ. என்னோடு படித்தவன் ஊரை விட்டுப் போய்க் கனகாலம், ஐயாவின் ஜெனரேற்றர் அவனுக்குத் தெரியாது. அவனுடைய அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் இது என்ன என்று கேட்டு எழுதினார். திருகோணமலையில் இதுதான் பாதுகாப்பு முறை என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவர்கள் எல்லாச் சோதனைகளிலும் அதைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

தங்கச்சியின் கணவர் கையெழுத்து வைத்தார். அந்த ஒப்பந்தம் முடிந்துதான் வந்தார், என்னை மாதிரி ஒரு வயிற்றோடு. வந்த அன்றே தையல் கடைக் கதிரையில் குந்தி அதன் காலை உடைத்தார். ஆனால் அதற்கு இன்னும் பல மாதங்கள் இருந்தன, அந்த மாதங்கள் நல்ல மாதங்கள் இல்லை.

அப்படி ஒரு பின்னேரம், வெள்ளிக்கிழமைகூட இல்லை, அவள் மேலே வந்தாள். வாயில் குண்டூசி இருந்தது. அதை எடுத்து அளவு நாடாவில் குத்திவிட்டுக் கேட்டாள்.

"அண்ணை, அந்தப் பொய் அட்டையைக் கொஞ்சம் போட்டுவிடுவீங்களோ?"

நான் பகிடி ஒன்றுக்காக வாயைத் திறந்து, மூடினேன். நல்ல பெட்டியில் பொய் மொடியூலை மாட்டி, அதற்கொரு நிரலைத் திறந்துகொடுத்து, ஹெட்செற்றைத் துடைத்துக் கையில் கொடுத்தேன். கீழே இறங்கிப் போய் ஐயாவோடு பிளேன்ரீ குடித்தேன். மான்கள் தெருவில் படுத்திருந்தன.

திரும்பி வந்து, வாசலோடு புதிதாக வாங்கிப் போட்டிருந்த மற்றக் கணினியில் இருந்தபடியே, பழக்கத்தில், வலையமைப்பு வழியாக அந்த நல்ல பெட்டியில் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டேன். கைக்குப் புத்தி வருவதற்கு இன்னும் பிந்தும். திரையில் என் வரி வந்தது. உடனேயே அதற்கு அடியில், ஆள் இருக்கு.

அறையின் மறு மூலையில் அவள் முதுகு தெரிந்தது. மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். பாதி கழன்ற செருப்பு ஆடிக்கொண்டிருந்தது.

நான் ஒன்றையும் தொடாமல் யன்னலோரம் போய் இருந்தேன்.